பிரேக் பிடிக்கும் விரல்களும் சம்பந்தி என்ற குதிரையும்

பண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் கைபேசிக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்கள் குதிரை தாண்டுவதைப் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, எனக்கு அனுப்புகிறார்கள். "அக்கா, முட்டி சரியா இருக்கா பாருங்க", "அக்கா, முதுகு வளையுதா சொல்லுங்க" என்று கேள்வி வேறு. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அவர்கள் முட்டியைப் பார்க்கிறேன். குழம்பு அடிப்பிடிக்கிறது.

இப்போது ஒரு சட்டை வந்திருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்தால் தானாகக் காற்று நிரம்பி உப்பிக்கொள்ளுமாம். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு படம் அனுப்பிய பெண், "இது இல்லாம நீங்க எப்பிடிக்கா ஜம்பிங் கத்துக்கினீங்க?" என்று கேட்டாள். "மண்ணுல விழுந்து" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். உள்ளதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சரி, சிரிப்பதென்று ஆகிவிட்டது, முழுக்கதையையும் படித்துவிட்டே சிரிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம். கணவர் தவறிய பிறகு அண்ணன் வீட்டில் இருந்தேன். மீன் கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டு திண்டிவனம் வரை போய் விற்றுவருவது பிழைப்பு. அண்ணன் வீட்டில் இருந்தது ஒரே அறை. அதில் அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். எனக்கு நடையில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பாய். தண்ணீர் குடிக்க எழுந்தவர் எல்லாம் என் காலை மிதித்துவிட்டுத்தான் போவார்கள். அண்ணி கெட்டவள் கிடையாது. சோற்றில் குறை வைத்ததில்லை, பேச்சிலும் குறை வைத்ததில்லை. "ஊட்ல கால் வெக்க எடமில்ல" என்று நாளுக்கு நான்கு தடவையாவது சொல்வாள். அதை என்னைப் பார்த்துச் சொல்கிறாளா, ஐஸ் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. என்னைத்தான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

திண்டிவனம் சாலையில் காணை என்ற ஊர்க்காரர் ஒருவர் குதிரைப் பண்ணை வைத்திருந்தார். கரும்பில் சம்பாதித்ததைக் குதிரையில் விடுகிற மனிதர். வாரம் தவறாமல் என்னிடம் வஞ்சிரம் வாங்குவார். ஒரு நாள் மீனை வாங்கிய கையோடு, "குதிரை லத்தி அள்ற ஆள் நின்னுட்டான்மா, உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லேன்" என்றார். எனக்குத் தெரிந்தவர்களில் எனக்கு மிகவும் தெரிந்தவள் நான்தான். மறுநாள் காலையில் கூடைக்குப் பதில் மண்வெட்டியோடு போய் நின்றேன்.

லத்தி என்கிற குதிரைச் சாணம் அள்ளினேன், குதிரை தேய்த்தேன், ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளைக் குதிரையில் உட்காரவைத்துக் கயிற்றைப் பிடித்து நடத்தினேன். பிறகு நானே ஏறினேன். நடை, பெருநடை, ஓட்டம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் கதை யாருக்கும் ஒரே மாதிரிதான்: தொடை வலிக்கும், நாள் போனால் வலிக்காது. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

மாமியார் வீட்டுக்குப் போன புதுப்பெண்போலச் சொன்ன வேலையைச் செய்துகொண்டு நானும் சும்மா இருந்திருப்பேன். முதலாளிதான் ஒரு நாள் கூப்பிட்டு வினையைத் தொடங்கினார்.

"கஸ்தூரிம்மா, பொம்பளப் புள்ளைங்க நெறைய சேருதுங்க. சொல்லிக்குடுக்க லேடீஸ் இருந்தா நல்லாருக்கும்னு பெத்தவங்க கேக்கறாங்க. கோடை கேம்ப் ஆரம்பிக்கிற அன்னிக்கு அவங்க எல்லாரும் வருவாங்க. அவங்க எதிர்ல மூணு கம்பு தாண்டிக் காட்டிடுங்க. வேலை உங்களுது. லாயத்துக்குப் பின்னாடி ரூம் ஒண்ணு சும்மா கெடக்குது, அங்கியே தங்கிக்கலாம்."

"தாண்டலன்னா இன்னாங்க?"

"சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு வர்றேன்னு சொல்லிக்கினு இருக்குது. அதை வெச்சிக்குவேன். ரூமும் அதுக்குத்தான் போவும்."

அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். தவிட்டு மூட்டை, உடைந்த சேணம், ஒரு ஜன்னல். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் என் காலை மிதிக்கவில்லை. ஒரு கதவைச் சாத்திவிட்டுச் சும்மா நிற்பது இத்தனை சுகம் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. எனக்கு அந்த அறை வேண்டும் என்று ஆசை வந்தது. குழந்தை பொம்மைக்கு ஆசைப்படுகிற மாதிரி அப்பட்டமான ஆசை.

இடையில் இருந்தது மூன்று கம்பு, ஒரு மாஸ்டர், ஒரு சம்பந்தி.

மாஸ்டர் பெயர் பெஞ்சமின். ராணுவத்தில் குதிரை பழக்கி ஓய்வு பெற்றவர். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வருவார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. குரலை உயர்த்தியதே கிடையாது. யாரையும் நேராகத் திட்டியதும் கிடையாது. ஏறியிருக்கிறவர் தப்புச் செய்தால் குதிரையிடம் போய் முறையிடுவார். அதுவும் மரியாதையாக.

சம்பந்தி என்பது குதிரையின் பெயர். முன்பு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்த வெள்ளைக் குதிரை. அங்கே மாலை மரியாதை பார்த்துப் பழகி, எதற்கெடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொள்ளு கொஞ்சம் தாமதமானால் போதும், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். போய்ச் சமாதானம் சொல்லி, மல்லாட்டைக் கொடியை, அதுதான் வேர்க்கடலைக் கொடியை, ஊட்டிவிட்டால்தான் திரும்பும். பெயர் வைத்தவர் பெண்ணைக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தியிடம் பட்டவர் என்று நினைக்கிறேன்.

தாண்டுவதற்கு மாஸ்டர் வைத்த முறை இது. முதலில் கம்புகளைத் தரையில் கிடத்துவார். குதிரை அவற்றின்மேல் கால் மாற்றி மாற்றி நடந்து போகவேண்டும். அதில் பழகியதும், இரண்டு கம்புகளைப் பெருக்கல் குறிபோலச் சாய்த்து நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பள்ளம் விடுவார். கடைசியில் கம்பு நேராக ஏறும். ஏறுகிறவருக்கு, கால் வைக்கும் அங்கவடியை இரண்டு துளை ஏற்றிக் கட்டவேண்டும். குதிகால் கீழே. கம்பு நெருங்கும்போது புட்டம் சேணத்தைவிட்டு எழும்பவேண்டும், மார்பு முன்னால் மடங்கவேண்டும். கைகள் இரண்டும் குதிரையின் கழுத்தோடு முன்னால் போகவேண்டும். ஏனென்றால் குதிரை தாண்டும்போது கழுத்தை நீட்டும். அந்த நேரத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் அதன் வாயில் வலிக்கும். பார்வை கம்பின்மேல் இருக்கக்கூடாது, கம்புக்கு அப்பால் இருக்கவேண்டும். "கண்ணு எங்க போவுதோ அங்கதான் குதிரை போவும்" என்பார். எனக்கு அவர் காட்டிய இலக்கு, வேலிக்கு அப்பால் இருந்த நீலத் தண்ணீர்த் தொட்டி.

எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தேன். முதல் பெருக்கல் குறியை நோக்கிச் சம்பந்தியை விட்டேன். புட்டம் எழும்பியது, மார்பு மடங்கியது, கண் தொட்டியில். கம்புக்குக் கையெட்டும் தூரத்தில் சம்பந்தி ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. அதன் இரண்டு காதுகளுக்கும் நடுவே புகுந்து, கம்புக்கு அந்தப் பக்கம் போய் மணலில் விழுந்தேன். நான் தாண்டிவிட்டேன், குதிரைதான் தாண்டவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மாஸ்டர் நிதானமாக வந்தார். என்னைக் கடந்து போய்ச் சம்பந்தியின் கழுத்தைத் தடவினார்.

"உங்களுக்கு ஒண்ணும் அடிபடலையே சம்பந்தி? மேல இருந்த அம்மா போறேன்னு சொல்றாங்க, நில்லுன்னும் சொல்றாங்க. நீங்க யார் பேச்சைத்தான் கேப்பீங்க, பாவம்."

"நான் நில்லுன்னு சொல்லலைங்க மாஸ்டர்!" என்றேன், வாயிலிருந்து மணலைத் துப்பிக்கொண்டு.

"கேட்டுக்குங்க சம்பந்தி. அவங்க சொல்லலையாம். நீங்களா கற்பனை பண்ணிக்கினு நின்னுட்டீங்க."

அன்று மட்டும் இல்லை, அந்த வாரம் முழுக்க விழுந்தேன். எப்போதும் அதே இடத்தில், அதே மாதிரி. விழுகிற இடத்தில் மணலைக் கூட்டி மெத்தை மாதிரி செய்துவைக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் வந்துவிட்டது. என் கை என்னவோ செய்கிறது என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. என்ன, எதனால் என்று அவருக்கும் பிடிபடவில்லை. ஏனென்றால் முன்னும் பின்னும் என் கை சரியாகவே இருந்தது. கம்பு கிட்டத்தில் வரும்போது மட்டும் பேய் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்குப் போனால் அண்ணி மூக்கைப் பொத்துவாள். "இன்னா நாத்தம்! குதிரை மேல குந்திக்கினு வந்தியா, குதிரைய மேல தூக்கிக்கினு வந்தியா?" பக்கத்தில் ஐஸ் பெட்டியில் கவுச்சி ஆளைத் தூக்கும். கடலோரத்தில் அது வாசனைக் கணக்கில் சேர்த்தி.

"தாண்டிட்டா தனி ரூம் தர்றாங்க அண்ணி."

"தனி ரூமா?" என்றவள் எங்கள் ஒரே அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "நல்லதாப் போச்சி. கால் வெக்க எடம் கெடைக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காகவாவது அந்த அறையை வாங்கிவிடவேண்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் சாயங்காலம் மாஸ்டருக்குப் பஸ் தப்பிவிட்டது. திண்டிவனத்தில் இறக்கிவிடுகிறேன் என்று மொபெட்டில் ஏற்றிக்கொண்டேன். ராணுவத்துக்காரர் பின்சீட்டில் கம்பி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டார். ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை. மொபெட் ஓட்டுகிற யாரும் செய்வதைத்தான் செய்தேன்: சீட்டைவிட்டுப் புட்டத்தைத் தூக்கிக்கொண்டேன், இரண்டு கைப் பிரேக்கையும் பிடித்தேன், ஏறி இறங்கினேன்.

"நிறுத்து!" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். குரலை உயர்த்தாத மனிதர் போட்ட சத்தத்தில் டீக்கடையில் வடை தின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ரசம் கொட்டிவிட்டதாக்கும் என்று பயந்துபோனேன்.

"திருப்புங்க வண்டியை. இன்னொரு தபா ஏத்துங்க."

ஏற்றினேன்.

"இன்னொரு தபா."

ஏற்றினேன். மாஸ்டர் என் தோளுக்கு மேலாக எட்டி என் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. டீக்கடைக்காரர், "சார், வண்டி வாங்கப் போறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

மாஸ்டருக்கு முகமெல்லாம் பல். அவருக்குச் சொல்லவேண்டியது இருந்தது, சொல்வதற்குக் குதிரை இல்லை. மொபெட்டின் விளக்கைப் பார்த்துச் சொன்னார்: "இந்தம்மாவுக்கு மேடுன்னாலே பிரேக்குதான். புட்டம் தூக்கறது அப்பிடியே நான் சொல்லிக்குடுத்த மாதிரி. அது ரோட்டுலயே கத்துக்கினாச்சி. கூடவே வெரலும் மூடிக்குது. சம்பந்தி வாயில பிரேக்கைப் புடிச்சா அவர் நிக்காம இன்னா செய்வாரு?"

எத்தனை வருஷம் அந்தச் சாலையில் மீன் கொண்டு போயிருப்பேன்! எத்தனை வேகத்தடை! மேடு என்று கண் சொன்னதும் மனசைக் கேட்காமல் விரல்கள் மூடிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. கடிவாளத்திலும் அதையேதான் செய்திருக்கிறேன். சீமையில் குதிரை கற்றுக்கொள்கிறவர்கள் என்னென்ன தப்புச் செய்வார்களோ, இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்யமுடியும்.

நோய் தெரிந்துவிட்டது, வைத்தியம் தொடங்கியது. தினமும் மாலையில் அதே வேகத்தடை. ஆள் நடக்கிற வேகத்தில், பிரேக் பிடிக்காமல், விரல்களை விரித்து வைத்துக்கொண்டு ஏறி இறங்கவேண்டும். முதலில் விரல்கள் கேட்கவில்லை. மாஸ்டர் சாலையோரத்தில் நின்றுகொண்டு, "வெரலு!" என்பார். நான்காம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, "இன்னாம்மா, எட்டு போட்டு லைசன்ஸ் எடுக்கறவங்களைப் பாத்திருக்கேன், நீ இன்னாத்துக்கு இங்கியே ஏறி ஏறி எறங்கற?" என்றார். "குதிரை தாண்டக் கத்துக்கறேங்க சார்" என்றேன். அவர் மொபெட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பண்ணையில், சம்பந்தியின் கழுத்தைச் சுற்றி மாஸ்டர் ஒரு தோல் வார் கட்டினார். கம்பு வரும்போது விரலுக்கு எதையாவது பிடிக்கவேண்டும் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளலாம், கடிவாளம் தளர்வாகவே இருக்கும். மாலை விழுந்துவிட்டது என்று சம்பந்திக்கு ஒரே பெருமை, தலையை ஆட்டி ஆட்டி நடந்தது. அந்த வாரம் பெருக்கல் குறியைத் தாண்டினோம், இருவரும் சேர்ந்து. தாண்டி இறங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு நேர்க் கம்பு. பிறகு வாரை அவிழ்த்துவிட்டார்.

கேம்ப் தொடங்கும் நாள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ரோஸ் மில்க். முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு பெற்றோர்களுக்கு முன்னால் நின்றார். ஆடுகளத்தைச் சுற்றி என் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் வேலி. உள்ளே மூன்று கம்பு. மூன்றாவது கம்புக்கு நேர் எதிரே, வேலிக்கு அந்தப் பக்கம், என் நீலத் தொட்டி.

முதல் கம்பு போனது. விரல்கள் திறந்திருந்தன. இரண்டாவதில் சம்பந்தியின் பின்னங்கால் லேசாகத் தட்டியது, கம்பு ஆடியது, விழவில்லை. மூன்றாவதுக்குத் திருப்பினேன், தொட்டியைத் தேடினேன்.

தொட்டிக்கு முன்னால் அண்ணி நின்றிருந்தாள்.

பச்சைப் புடவை, கையில் ஒயர் கூடை. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தவள் பந்தலில் உட்காரக்கூடாதா? தொட்டி மறையும்படி அங்கே போய் நிற்பானேன்? என் கண் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. நான் விழுவதைப் பார்க்க வந்திருக்கிறாளா, என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாளா என்று நினைப்பதற்குள் மூன்றாவது கம்பு எங்களுக்குக் கீழே போய்விட்டது.

அங்கே திருப்பவேண்டும். திருப்பினால் முடிந்தது. என் கண் அண்ணியைவிட்டு வரவில்லை. கண் போகிற இடத்துக்குத்தானே குதிரை போகும். சம்பந்தி நேராக அண்ணியை நோக்கி ஓடியது. நடுவில் வேலி.

"எம்மா கஸ்தூரி! நிறுத்துடி!" என்று அண்ணி கத்தினாள். கை கால் அசையாமல் அப்படியே நின்றாள்.

என் உடம்பு முழுக்க இருந்த மீன்காரி, பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி என்று அலறினாள். வேலியோ முகத்துக்கு எதிரே வந்துவிட்டது. அந்தத் தூரத்தில் இழுத்தால் சம்பந்தி வேலியில் கால் மாட்டிக்கொண்டு விழும், நானும் விழுவேன், இருவரும் அண்ணிமேல் விழுவோம். விரல்களை விரித்தேன். கண்ணைப் பிய்த்து எடுத்து அண்ணிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் வைத்தேன். கைகளைப் பிடரி வழியாக முன்னால் விட்டேன். சம்பந்தி எழும்பியது. அந்த உயரத்துக்கு நாங்கள் அதுவரை போனதே இல்லை.

அண்ணிக்கு ஒரு முழம் தள்ளி இறங்கினோம். சம்பந்தி நாலடி ஓடி, தானாகத் திரும்பி வந்து, ஒயர் கூடைக்குள் மூக்கை விட்டு, அதிலிருந்த வேகவைத்த மல்லாட்டையைத் தோலோடு தின்னத் தொடங்கியது. பந்தலில் ஒரே கைதட்டல். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று பெற்றோர்கள் நினைத்துவிட்டார்கள். முதலாளி வெலவெலத்துப் போயிருந்தாலும் மைக்கை விடவில்லை. "மூணுன்னு சொன்னேன், நாலு தாண்டிட்டாங்க!" என்றார்.

மாஸ்டர் வேலி ஓரமாக நடந்து வந்தார். வழக்கம்போலச் சம்பந்தியிடம்தான் போவார் என்று இருந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "கை நல்லா இருந்துச்சும்மா" என்றார். குதிரையிடம் சொல்லாமல் என்னிடமே நேராக அவர் பாராட்டிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிறகு எத்தனையோ பேருக்குத் தாண்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், மேடையில் கூப்பிட்டுச் சால்வைகூடப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதுவும் இல்லை.

சாயங்காலம் முதலாளி புதுப் பூட்டு ஒன்றை அட்டைப் பெட்டியோடு கொடுத்தார். அறையைக் காட்ட அண்ணியைக் கூட்டிப்போனேன். அங்கே பார் இங்கே பார் என்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், என் வீம்பெல்லாம் தீருகிற வரைக்கும். அண்ணி ஜன்னலைத் திறந்து பார்த்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் நின்ற மாதிரியே நின்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் அந்த ஒரே அறையில்தான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அண்ணன், பிள்ளைகள், வலை, ஐஸ் பெட்டி, நான். அவள் தனியாகக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, என் கையிலிருந்த பூட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

"கஸ்தூரி, இந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவி குடுப்பாங்கல்ல?"